இசை நிகழ்ச்சி போஸ்டர்: உங்கள் கைவண்ணமும் ஏற்பாட்டுக் குழுவின் தேவையும் ஒத்துப்போக ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இசை நிகழ்ச்சிக்குப் போஸ்டர் கேட்டு வருவது பெரும்பாலும் ஒரு குழு. கோயில் நிர்வாகமாக இருக்கும், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமாக இருக்கும், உறுமி மேளக் குழுவாகவோ சொந்தப் பாட்டு பாடும் நான்கு இளைஞர்களாகவோ இருக்கும். அவர்களுக்கு மண்டபம் நிறைய வேண்டும். வரைபவருக்குத் தன் கைவண்ணம் தெரிய வேண்டும். இரண்டும் நியாயமான ஆசை.

புதியவர்கள் தடுமாறுவது வரைவதில் அல்ல. எதை யார் முடிவு செய்வது என்று பேசாமலே வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். படம் முடிந்த பிறகுதான் அந்தப் பேச்சு தொடங்குகிறது. அப்போது குழு சொல்லும் சின்ன மாற்றம்கூட வரைந்தவரைச் சுடும். தகவல் குழுவுடையது, படம் உங்களுடையது என்ற எல்லையை பென்சிலைத் தொடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள்.

1. முதல் சந்திப்புக்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

நீங்கள் செய்த வேலைகளில் ஐந்தாறை ஏ3 தாளில் அச்சடித்துக் கொண்டு போங்கள். கைப்பேசியில் காட்டினால் வாட்ஸ்அப் படத்தைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். தாளில் பார்த்தால்தான் சுவரில் எப்படி நிற்கும் என்று புரியும். இனிச் செய்ய விருப்பமில்லாத பாணியை அந்தத் தொகுப்பில் வைக்க வேண்டாம். எதைக் காட்டுகிறீர்களோ அதைத்தான் கேட்பார்கள்.

அச்சகத்தின் விலையையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஏ3 டிஜிட்டல் அச்சு 50 தாள், 100 தாள் என்ன விலை, சில்க் ஸ்கிரீன் (வலைத்துணி வழியாக ஒவ்வொரு வண்ணமாக மையை அழுத்தும் அச்சு) என்றால் ஒரு வண்ணத்துக்கு எவ்வளவு என்று ஈப்போவில் இரண்டு கடைகளிலாவது கேளுங்கள். பணம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் எத்தனை வண்ணம் என்று தெரியும். எத்தனை வண்ணம் என்று தெரியாமல் வரைந்த படத்தைப் பிறகு வெட்டிக் குறைக்க நேரிடும்.

போஸ்டர் ஒட்டப்போகும் இடங்களை நேரில் போய் அளந்து பாருங்கள்: கோயில் அறிவிப்புப் பலகை, முடிதிருத்தும் கடைக் கண்ணாடி, மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) தூண், தோட்ட அலுவலகப் பலகை. ஏ2 தாளைப் பெரும்பாலான கடைக்காரர்கள் ஒட்ட விடமாட்டார்கள், அது பாதிக் கண்ணாடியை மறைத்துவிடும். ஏ3 தாளுக்கு எங்கும் இடம் கிடைக்கும். ‘பெருசா வேணும்’ என்று கேட்கிற குழுவிடம் இந்த அளவுகளைக் காட்டினால் வாதம் அதோடு முடியும்.

2. யார் ‘சரி’ சொல்வார் என்பதை முதலில் கேளுங்கள்

குழுவில் பதினைந்து பேர் இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் பதினைந்து கருத்து வரும். தலைவர் சிவப்பு வேண்டும் என்பார், பொருளாளர் சிவப்பு வேண்டாம் என்பார். இரண்டையும் கேட்டு மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் யாருக்கும் பிடிக்காத போஸ்டர் வரும், பழி வரைந்தவர் மேல் விழும்.

முதல் சந்திப்பிலேயே மரியாதையாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “தலைவரே, குழுவில எல்லாரும் கருத்துச் சொல்லட்டும். ஆனா எல்லாத்தையும் ஒண்ணா சேத்து ஒருத்தர்தான் எனக்கு எழுதி அனுப்பணும். அது யாருன்னு இப்பவே சொல்லிடுங்க.” பெரும்பாலும் செயலாளர் பெயர் வரும். அவருடைய எண்ணோடு தனி உரையாடல் தொடங்குங்கள். குழு உரையாடலில் உங்களைச் சேர்க்க முனைந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

அடுத்து, இந்தப் போஸ்டர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். டிக்கெட் விற்கவா, இலவச நிகழ்ச்சிக்கு ஊரைக் கூட்டவா, நிகழ்ச்சி அன்று மேசையில் வைத்து நினைவுப் பொருளாக விற்கவா? டிக்கெட் விற்க வேண்டுமென்றால் தேதி, இடம், விலை மூன்றும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், படம் அதற்கு வழிவிட வேண்டும். நினைவுப் பொருள் என்றால் படம்தான் முதல், தகவல் சிறிதாக இருந்தாலும் போதும். ஒரே தாள் இரண்டையும் செய்ய வேண்டும் என்று கேட்டால் இரண்டு பதிப்புகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: தெருவுக்கு டிஜிட்டல் அச்சில் ஒன்று, விற்பனைக்கு சில்க் ஸ்கிரீனில் ஒன்று. படம் ஒன்றுதான், தகவல் கட்டம் மட்டும் மாறும். உங்கள் சுதந்திரத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

3. மூன்று பட்டியல்

ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டு, குழு முன்னிலையிலேயே நிரப்புங்கள். தலைப்புகள்: கட்டாயம் வேண்டும், கூடவே கூடாது, வரைபவருக்கு விட்டது.

முதல் கட்டத்தில் நிகழ்ச்சியின் பெயர், கலைஞர்கள், நாள், கிழமை, நேரம், மண்டபம், நுழைவுக் கட்டணம், தொடர்பு எண். எல்லாம் எழுத்தில், செயலாளரிடமிருந்து வர வேண்டும். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாள்காட்டியில் நீங்களே பாருங்கள். அடிக்கடி தப்புவது இதுதான். ‘7 மணி’ என்றால் கதவு திறக்கும் நேரமா, நிகழ்ச்சி தொடங்கும் நேரமா என்றும் கேளுங்கள்.

பொது இடத்தில் வைக்கிற விளம்பரத்தில் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது ஊராட்சி மன்ற விதி. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது, அனுமதியும் அங்கேதான். ஆகவே மலாய் வரிக்கான இடத்தை முதல் பென்சில் கோட்டிலேயே ஒதுக்குங்கள். படம் முடிந்த பிறகு மலாய் வரியைத் திணித்தால் படம்தான் சிதையும்.

‘கூடவே கூடாது’ கட்டத்தை நிரப்பக் குழு தயங்கும். நீங்களே எடுத்துக் கொடுங்கள். நாட்டின் சின்னத்தை அனுமதியில்லாமல் போடக்கூடாது. பள்ளி மண்டபமென்றால் மது, சிகரெட் எதுவும் படத்தில் வரக்கூடாது. கோயில் நிகழ்ச்சியென்றால் சாமி படம் வேண்டாம் என்று நீங்களே முன்வைக்கலாம்: துண்டறிக்கை நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் கிடக்கும், செருப்புக் கால் படும், மனம் புண்படும். வேப்பிலை, மணி, விளக்கு, கோபுரத்தின் விளிம்பு போன்றவை அதே உணர்வைத் தரும்.

மூன்றாவது கட்டத்தில் வண்ணம், படத்தின் கரு, தலைப்பு எழுத்தின் வடிவம், எல்லாம் எங்கே உட்கார்கிறது என்பது. இந்தக் கட்டம் எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். பின்னால் ‘இந்தப் பச்சை எனக்குப் பிடிக்கல’ என்று ஒருவர் சொன்னால் நீங்கள் கோபப்பட வேண்டியதில்லை. தாளைக் காட்டினால் போதும்.

4. பிரமுகர் படங்களும் ஆதரவாளர் சின்னங்களும்

நம் நிகழ்ச்சிகளில் வரைபவரின் பொறுமையை அதிகம் கரைப்பது இது. சிறப்பு விருந்தினர், தலைமை தாங்குபவர், நன்கொடையாளர், குழுத் தலைவர் என்று ஆறு வட்டத்துக்குள் ஆறு முகம் கேட்பார்கள். எடுத்த எடுப்பில் முடியாது என்று சொல்லாதீர்கள். அந்த மனிதர் மண்டப வாடகை கொடுத்திருக்கலாம். அவர் முகத்தை நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைப்பதுதான் குழு காட்டும் நன்றி. அந்தக் கடன் உண்மையானது. அதை எங்கே தீர்ப்பது என்பதுதான் உங்கள் கேள்வி.

வேறு இடங்களைச் சொல்லுங்கள்: மண்டப வாசலில் பதாகை, மேடைப் பின்திரை, அழைப்பிதழ், நன்றி தெரிவிக்கும் வாட்ஸ்அப் படம். வாசல் பதாகை 2 அடிக்கு 6 அடி இருக்கும், முகம் நன்றாகவே தெரியும். அந்த வேலையையும் சேர்த்து நீங்களே செய்து தருவதாகச் சொன்னால் பெரும்பாலான குழுக்கள் போஸ்டரை விட்டுக்கொடுக்கும்.

அதற்கும் இணங்கவில்லையா? அடிப்பட்டை ஒன்றை ஒதுக்குங்கள். ஏ3 தாளின் உயரம் 420 மில்லிமீட்டர். அதில் 15 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 63 மில்லிமீட்டருக்கு மேல் தராதீர்கள். எல்லா முகமும் ஒரே அளவு, ஒரே வரிசை, ஒரே நிறச்சாயல். திருமணத்தில் எடுத்த படம், கைப்பேசியில் எடுத்த படம், பழைய அடையாள அட்டைப் படம் என்று தரம் கலந்து வரும். ஒற்றை நிறத்துக்கு மாற்றினால் அந்த வேறுபாடு மறையும், உங்கள் படத்தின் வண்ணத்தோடும் மோதாது.

பட்டங்களை நினைவிலிருந்து தட்டெழுதவே கூடாது. டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ ஒவ்வொன்றும் வேறு. நீங்கள் மாதிரி காட்டிய நாளுக்கும் அச்சுக்குப் போகும் நாளுக்கும் இடையில் ஒருவருக்குப் புதுப் பட்டம் கிடைத்திருக்கலாம். அச்சுக்கு முதல் நாள் செயலாளரிடம் மறுபடி எழுதி வாங்குங்கள். பட்டம் தவறினால் எந்தக் குழுவும் அந்தத் தாளை ஒட்டாது, முழுவதையும் மறுபடி அச்சடிக்க வேண்டும்.

ஆதரவாளர் சின்னங்களை ஒரே அகலத்தில் வைத்தால் நீளமான சின்னம் பொடியாகவும் சதுரமான சின்னம் பூதாகரமாகவும் தெரியும். பரப்பளவைச் சமமாக்குங்கள். சின்னத்தின் வெக்டர் கோப்பைக் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோப்பு) கேளுங்கள். முகநூலிலிருந்து எடுத்த படம் அச்சில் மங்கும். கடைசி நாளைக் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் ஆதரவாளர் இணையப் பதிப்பில் மட்டும் வருவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

5. ஒரு பக்க ஒப்பந்தம்

தெரிந்தவர்கள்தானே, எழுதி வாங்கினால் தப்பாக நினைப்பார்கள் என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். தெரிந்தவர்களிடம்தான் இது அதிகம் தேவை, ஏனென்றால் அவர்களிடம் பிறகு சண்டை போட முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு நீங்கள் செய்து கொடுத்த படைப்பின் பதிப்புரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்குச் சேர்ந்ததாகவே கருதப்படும். வரைந்த உங்களிடம் தானாகத் தங்காது. அந்தப் படத்தைத் தனியாக அச்சடித்து விற்க நினைத்தால் எழுத்தில் இருக்க வேண்டும். இப்படி ஒரு பத்தி போதும்:

“படத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கே உரியது. இந்த நிகழ்ச்சியை அச்சிலும் இணையத்திலும் விளம்பரப்படுத்த ஏற்பாட்டுக் குழு கூடுதல் கட்டணமின்றி இதைப் பயன்படுத்தலாம். டி-சட்டை, குவளை, விற்பனைக்கான போஸ்டர் ஆகியவற்றுக்குத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். வரைந்தவரின் ஒப்புதலின்றிப் படத்தின் மேல் எதையும் சேர்க்கவோ வெட்டவோ கூடாது.”

இதோடு பணம்: பென்சில் மாதிரிக்கு முன் பாதி, இறுதிக் கோப்புக்கு முன் மீதி. மாற்றங்கள் இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கட்டணம். நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் திரும்பாது. தலைவர் கையெழுத்து, செயலாளர் கையெழுத்து.

சிறிய இசைக்குழுவிடம் பணம் இருக்காது. அப்போது தாளாகக் கேளுங்கள்: 60 பிரதி சில்க் ஸ்கிரீன் அச்சடித்தால் 20 உங்களுக்கு, எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டு நீங்கள் விற்றுக்கொள்ளலாம். பதிலுக்குப் படத்தில் முழு உரிமை வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். காசும் இல்லை, உரிமையும் இல்லை என்ற வேலையை ஏற்காதீர்கள். அது உங்களையும் கெடுக்கும், அடுத்து வரும் வரைபவரின் விலையையும் கெடுக்கும்.

6. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும். அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு சம்பள நாள் விழுகிறதா என்று பாருங்கள். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் எடுப்பார்கள். டிஜிட்டல் அச்சுக்கு மூன்று நாள், சில்க் ஸ்கிரீனுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஆக, நிகழ்ச்சிக்கு நான்கு வாரம் முன்பு கோப்பு தயார், ஐந்து வாரம் முன்பு எழுத்து முழுவதும் பூட்டப்பட்டிருக்க வேண்டும், ஆறு வாரம் முன்பு முதல் சந்திப்பு. இரண்டு வாரம்தான் இருக்கிறது என்று வருபவரிடம் சில்க் ஸ்கிரீன் பேச்சே எடுக்க வேண்டாம்.

ஒட்டும் அனுமதி குழுவின் பொறுப்பு என்றாலும் யார் எப்போது வாங்குகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்ட எல்லைக்குள் ஒட்ட நகராண்மைக் கழக அனுமதி போதாது, தோட்ட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பாடகர் வருகிறார் என்றால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி கைக்கு வரும் வரை அவர் பெயரை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

7. பென்சில் மாதிரிகள்: சிறிதாக, வண்ணமில்லாமல்

மூன்று மாதிரி, ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர் அகலம், 8.5 சென்டிமீட்டர் உயரம். இது ஏ3 தாளின் விகிதம். பென்சில் மட்டும். வண்ணம் போட்டால் குழு கருவை விட்டுவிட்டு வண்ணத்தைத்தான் பேசும். பெரிதாக வரைந்தால் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சின்னச் சின்னத் திருத்தம் சொல்லும். தகவல் கட்டத்தை மூன்றிலும் சாம்பல் பெட்டியாக ஒரே அளவில் வையுங்கள். அது கட்டாயம் என்பதை நீங்கள் மதிக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பள்ளி மண்டபத்தில் உறுமி மேளப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்று: உறுமியின் வட்டத் தோல் முகம் நடுவில், அதைச் சுற்றிச் செம்பனை ஓலைகள் கதிராக விரிகின்றன. இரண்டு: வளைந்த குச்சி தோலில் தேய்த்துப் போன தடம் நீண்டு, தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வரும் செம்மண் சாலையாகிறது. மூன்று: படமே இல்லை, ‘உறுமி’ என்ற சொல்லின் சுழிகளே தாள் முழுவதும். இப்படி ஒவ்வொன்றும் உண்மையில் வேறு வழியாக இருக்க வேண்டும். எண்ணிக்கைக்காக ஒரு மோசமான மாதிரியைச் சேர்க்காதீர்கள். அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், கடைசிவரை அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வாத்தியத்தைப் பார்த்து வரையுங்கள். உறுமி இடை சிறுத்தது, தோளில் மாட்டுவது, ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தும் மறுமுகத்தை அடித்தும் வாசிப்பது. மிருதங்கம் போல இரு கையாலும் தட்டுவதாக வரைந்தால் வாசிப்பவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்கள். அதன் பிறகு உங்கள் வேறு எந்த முடிவையும் அவர்கள் நம்பமாட்டார்கள். கலை உரிமை என்பது தவறாக வரையும் உரிமை அல்ல.

8. எழுத்து

குழுவிடமிருந்து வரும் தமிழ் உரை சில சமயம் பழைய எழுத்துருவில் இருக்கும், திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, செயலாளரிடம் திருப்பி அனுப்பிச் சரிபாருங்கள். அடுத்து மென்பொருள். ஃபோட்டோஷாப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் அமைப்பையும், இல்லஸ்ட்ரேட்டரில் இந்திக் ஆப்ஷன்ஸையும் இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ சிதறிவிடும். திரையில் சரியாக இருந்தது அச்சகத்தில் உடைவதும் உண்டு. ஆகவே அச்சுக்குப் போகுமுன் எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றி, மாற்றிய பிறகு மறுபடி முழுவதும் வாசியுங்கள்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. முக்கியத்துவத்தை அளவு, தடிமன், வண்ணம் மூன்றால்தான் காட்ட முடியும். ஏ3 தாளில் தலைப்பு 50 முதல் 70 மில்லிமீட்டர், தேதி 20 முதல் 25, மண்டபம் 12. மிகச் சிறிய வரிகூட 4 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். ‘க’ எழுத்தின் உடல் உயரத்தைத்தான் அளக்க வேண்டும், மேல் விசிறியையும் கீழ்ச் சுழியையும் சேர்க்காதீர்கள். 25 மில்லிமீட்டர் எழுத்தை 3 மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் வாசிக்கலாம்.

வரி இடைவெளி எழுத்தளவில் 140 விழுக்காடாவது வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் ‘ழு’ கீழ் வரியின் ‘கீ’யில் இடிக்கும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை அதிகமாக இழுக்காதீர்கள், கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இடம் போதவில்லை என்று எழுத்தை அகலவாக்கில் நசுக்குவதும் செயற்கைத் தடிமன் போடுவதும் கூடாது. ‘ண’, ‘ஞ’, ‘ணை’ ஆகியவற்றின் உட்குழிகள் அடைத்துக்கொள்ளும், சில்க் ஸ்கிரீன் மை அதை முழுதாக மூடிவிடும்.

கையால் வரைந்த எழுத்து தலைப்புக்கு மட்டும். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள். தேதி, இடம், விலை எளிய எழுத்துருவில் இருக்கட்டும். குழுவின் நம்பிக்கை இந்த மூன்று வரியில்தான் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் தலைப்பில் யாரும் கை வைப்பதில்லை.

சோதனை எளிது. குழுவில் இல்லாத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டி மறையுங்கள். என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எங்கே என்று கேளுங்கள். மூக்குக் கண்ணாடி போடாத ஒரு பெரியவரிடமும், தமிழ் வாசிக்கத் தடுமாறும் ஓர் இளையவரிடமும் கேட்பது நல்லது. மூன்றில் ஒன்று தவறினாலும் அளவை மாற்றுங்கள்.

9. கருத்தை வாங்கும் விதம்

குழுவினர் தீர்வைச் சொல்வார்கள், பிரச்சினையைச் சொல்லமாட்டார்கள். “கலர் பத்தல தம்பி” என்றால் பெரும்பாலும் தலைப்பு பின்னணியிலிருந்து பிரிந்து தெரியவில்லை என்று பொருள். உடனே வானவில்லை ஊற்றாதீர்கள். “எந்த இடம்ணே மங்கலா தெரியுது?” என்று கேளுங்கள். ‘பெருசா போடு’ என்பதற்கும் அளவைக் கூட்டுவதைவிடச் சுற்றியுள்ள இடத்தைக் காலி செய்வது நல்ல மருந்து. ‘போன வருச போஸ்டர் மாதிரி’ என்றால் அதில் எது பிடித்தது என்று கேட்டு அந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் பிழை, வாசிக்க முடியாமை, சமய உணர்வு: இவை மூன்றிலும் வாதமே வேண்டாம், உடனே மாற்றுங்கள். படத்தின் அமைப்பு, வண்ண எண்ணிக்கை, படத்துக்குள் புதிதாக எதையாவது செருகுவது: இங்கே நின்று பேசுங்கள். வாயால் வாதாடுவதைவிட இரண்டு வடிவத்தையும் ஏ4 தாளில் அச்சடித்து, கோயில் பலகையில் குத்தி, 3 மீட்டர் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒப்பீடு பெரும்பாலும் உங்களுக்காகப் பேசும். அதற்குப் பிறகும் அவர்கள் வடிவமே வேண்டுமென்றால் செய்து கொடுங்கள். உங்கள் பெயர் அதில் வேண்டுமா என்பது மட்டும் உங்கள் முடிவு.

10. வண்ணமும் அச்சும்

குழு கைப்பேசித் திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட பளீர் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மை) அச்சில் வராது. தாள் வந்ததும் ‘மங்கிப்போச்சு’ என்பார்கள். ஆகவே ஒப்புதலுக்கு அனுப்பும் படத்தையே சிஎம்ஒய்கே-க்கு மாற்றிய பிறகு அனுப்புங்கள், அதே அச்சகத்தில் ஏ4 மாதிரி ஒன்று எடுத்துக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நீலம் ஊதாவாக மாறாமல் இருக்க மஜெந்தாவின் அளவு சயானைவிட 30 புள்ளியாவது குறைவாக இருக்கட்டும். பெரிய கறுப்புப் பரப்புக்கு, ஒவ்வொரு மையின் விழுக்காடாக, சி60 எம்40 ஒய்40 கே100. சிறிய எழுத்துக்கு வெறும் கே100, இல்லாவிட்டால் நான்கு மையும் சற்று விலகி எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும்.

டிஜிட்டல் அச்சுக்கு ஏ3 கோப்பு 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508க்கு 4961 பிக்சல், நாற்புறமும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு (தாளை வெட்டும்போது போய்விடும் கூடுதல் பரப்பு). வெளியே ஒட்டுவதானால் நெகிழித் தாளோ லேமினேட்டோ செய்யுங்கள். சாதாரணத் தாள் ஒரு மாலை மழைக்குத் தாங்காது.

சில்க் ஸ்கிரீன் என்றால் மூன்று வண்ணத்தில் நிறுத்துங்கள். தாளின் நிறத்தை நான்காவதாக எண்ணி வரையுங்கள். வெளிர் மையிலிருந்து அடர் மைக்கு அச்சடிக்க வேண்டும். வண்ணங்கள் சந்திக்கும் இடத்தில் 0.4 மில்லிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறு விலகலிலும் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். மிக மெல்லிய கோடு வலையில் நம்பிக்கையாக வராது. நம் ஈரக் காற்றில் தாள் உப்பும், சுருளும். கட்டைப் பிரித்து ஒரு நாள் அச்சறையிலேயே வைத்த பிறகு முதல் வண்ணத்தைத் தொடங்குங்கள். 60 பிரதி வேண்டுமென்றால் 70 தாள் வாங்குங்கள், சில தாள் பழுதாகும்.

க்யூஆர் குறியீடு 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் அடர் நிறத்தில், சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெற்றிடத்தோடு. கைப்பேசிக்கான பதிப்பில் க்யூஆர் வேண்டாம், தன் திரையில் இருப்பதைத் தன் கேமராவாலேயே ஸ்கேன் செய்ய முடியாது. அங்கே இணைப்பையோ எண்ணையோ எழுத்தாகப் போடுங்கள்.

11. கோப்பு ஒப்படைப்பு

நான்கு கோப்பு கொடுங்கள்: அச்சுக்கான பிடிஎஃப், முகநூல், இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 1080க்கு 1350 பிக்சல் அளவில் ஒன்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920 அளவில் ஒன்று, அடிப்பட்டை காலியாக விட்ட இன்னொன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கித் தரம் குறையும், அதைத்தான் யாராவது அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

காலிப் பட்டையுள்ள நான்காவது கோப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைசி வாரத்தில் புதிதாக ஓர் ஆதரவாளர் வருவார், குழுவில் ஒருவர் கைப்பேசிச் செயலியில் உங்கள் படத்தின் நடுவிலேயே அவர் முகத்தை ஒட்டி எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். ஒட்டுவதற்கென்று ஓர் இடத்தை நீங்களே கொடுத்திருந்தால் அங்கேதான் ஒட்டுவார்கள்.

தேதிக் கட்டத்தையும் இதே எண்ணத்தில் தனிச் செவ்வகமாக, தட்டையான ஒரே நிறத்தின் மேல் அமையுங்கள். மழையாலோ அனுமதி தாமதத்தாலோ நிகழ்ச்சி தள்ளிப்போனால் அதே நிறத்தில், செவ்வகத்தைவிட எல்லாப் பக்கமும் 5 மில்லிமீட்டர் பெரிதாக ஒட்டுத்தாள் அச்சடித்து மேலே ஒட்டிவிடலாம். ஒட்டுத்தாளின் கோப்பையும் முதல் நாளே செய்து, தேதியை மட்டும் காலியாக விட்டு, செயலாளரிடம் கொடுத்துவையுங்கள்.